தலா நீர்ப் பயன்பாட்டை அளப்பது எப்படி? பொதுக் குடிநீர் விநியோகத்தில் முதன்முறையாகக் கணக்கெடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு குடிநீர்த் திட்டத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று கேட்டால், மொத்த நீரை மக்கள்தொகையால் வகுத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த ஒரே ஒரு வகுத்தலை முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அதற்குப் பிறகும், கொடுத்த விடை தவறு என்று தெரிந்து, சமர்ப்பித்த அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை, கீழே எழுதியிருக்கும் வரிசையில் செய்தபோது பதினொரு வாரங்களில் வேலை முடிந்தது. உங்கள் கையில் இப்போதுதான் இந்தப் பொறுப்பு வந்திருக்கிறது என்றால், வேலையைத் தொடங்குவதற்கு முன் இதை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள். ஏனென்றால் எட்டாம் படியில் தெரியவரும் பிழைகள் பெரும்பாலும் முதல் படியில் செய்தவை.

1. எந்த நீர், எந்த மக்கள் என்பதை முதலில் எழுதிவையுங்கள்

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் குழாய் வலையமைப்புக்குள் நாள்தோறும் 10,000 கன மீட்டர் (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்) நீர் செல்கிறது. ஊர் எல்லைக்குள் 80,000 பேர் வசிக்கிறார்கள். அவர்களில் 70,000 பேருக்கு மட்டுமே குழாய்நீர் கிடைக்கிறது. வீடுகள் பயன்படுத்தும் நீர் 5,600 கன மீட்டர். இப்போது தலா அளவு என்ன? உள்ளே சென்ற நீரை ஊர் மக்களால் வகுத்தால் 125 லிட்டர். அதையே இணைப்புள்ள மக்களால் வகுத்தால் 143 லிட்டர். வீட்டுப் பயன்பாட்டை இணைப்புள்ள மக்களால் வகுத்தால் 80 லிட்டர். ஊர் மக்கள் அனைவராலும் வகுத்தால் 70 லிட்டர். நான்கும் கணக்கின்படி சரியானவை. ஆனால் நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

புதிய நீராதாரத்தைத் திட்டமிடுபவருக்குக் கசிவும் கடைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்த அளவு வேண்டும். மக்களுக்குப் போதிய நீர் கிடைக்கிறதா என்று பார்ப்பவருக்கு வீட்டு வாசலுக்கு வந்துசேர்ந்த அளவு மட்டும் வேண்டும். அடிப்படைத் தேவைகளுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் பரவலாக எடுத்தாளப்படும் அளவை, குழாய்க் கசிவையும் உள்ளடக்கிய 125 லிட்டரோடு ஒப்பிட்டு "போதுமானது" என்று எழுதுவது நேர்மையான கணக்கல்ல. நான் திரும்பப் பெற்ற அறிக்கையில் இருந்த பிழை இதுதான்.

ஆகவே ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதி, கணக்கைக் கேட்டவரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள்: எந்த இடத்தில் நீரை அளக்கிறோம், எந்த வகைப் பயன்பாடுகளைச் சேர்க்கிறோம், எவற்றை விலக்குகிறோம், யாரை எண்ணுகிறோம், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை. காலம் குறைந்தது 12 மாதங்கள் இருக்கட்டும். கோடையில் மட்டும் எடுத்த அளவும் மழைக்காலத்தில் மட்டும் எடுத்த அளவும் ஆண்டுச் சராசரி ஆகாது.

2. ஆவணங்களை ஒரே கடிதத்தில் கேளுங்கள்

முதல் முறை நான் ஒவ்வோர் ஆவணமாக, தேவைப்பட்டபோது கேட்டேன். ஒவ்வொரு கடிதமும் ஒவ்வொரு மேசையில் தங்கியது. ஏழு மாதங்களில் பாதி அப்படித்தான் போயிற்று. முழுப் பட்டியலையும் ஒரே கடிதத்தில், எந்தப் பிரிவு எதைத் தர வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள்.

நீரேற்று நிலையத்திலிருந்து: மாதவாரியான உற்பத்திப் பதிவேடு, பம்புகள் ஓடிய நேரப் பதிவு, பெரிய மீட்டர்களின் அளவுத்திருத்தச் சான்று, நீர்த்தேக்கத் தொட்டிகளின் வரைபடம், அண்டை வலையமைப்புகளிடம் வாங்கிய அல்லது அவற்றுக்குக் கொடுத்த நீரின் கணக்கு. பில் பிரிவிலிருந்து: இணைப்புப் பதிவேடு (வீடு, வணிகம், நிறுவனம் என்ற வகைப்பாட்டுடன்), கடந்த 24 மாத மீட்டர் அளவுகள். பராமரிப்புப் பிரிவிலிருந்து: குழாய்களைக் கழுவியது, தீயணைப்புக்குக் கொடுத்தது, லாரிகளில் நிரப்பியது, குழாய் உடைப்புகள் ஆகியவற்றின் பதிவு. புள்ளிவிவரத் துறையிலிருந்து: பகுதிவாரியான மக்கள்தொகையும் குடும்பங்களின் எண்ணிக்கையும்.

பில் பிரிவிடம் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, உங்களுக்குத் தேவை பில் தொகையோ மாதச் சுருக்கமோ அல்ல. மீட்டரில் படித்த எண்ணும் படித்த தேதியும் வேண்டும். மற்றொன்று, பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். இணைப்பு எண் போதும். இந்த இரண்டாம் வரியைச் சேர்த்த பிறகு அனுமதி விரைவாகக் கிடைத்தது. ஒரு வீட்டின் நீர்ப் பயன்பாட்டுப் பதிவிலிருந்து அந்த வீடு எந்த நாட்களில் பூட்டிக் கிடந்தது என்பதுவரை கண்டுபிடிக்கலாம். ஆகவே இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

பதில் வர நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் மூன்றாம் படியைச் செய்யுங்கள்.

3. பெரிய மீட்டரை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

மொத்த நீரை அளக்கும் பெரிய மீட்டர் 5 விழுக்காடு தவறாக இருந்தால், அதன்மேல் கட்டிய மொத்தக் கணக்கும் 5 விழுக்காடு தவறாகும். முதலில் மீட்டர் பொருத்தப்பட்ட இடத்தை நேரில் சென்று பாருங்கள். மின்காந்த வகையானாலும் அல்ட்ராசோனிக் வகையானாலும் மீட்டருக்கு முன்னும் பின்னும், குழாய் விட்டத்தின் பல மடங்கு நீளத்துக்கு நேர்க்குழாய் தேவை. எத்தனை மடங்கு என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். நான் சோதித்த ஒரு மீட்டர், குழாய் வளைவை ஒட்டியே பொருத்தப்பட்டிருந்தது. மின்காந்த மீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய் முழுவதும் நீரால் நிரம்பியிருக்கவும் வேண்டும். பாதி நிரம்பிய குழாயில் அது மிகுத்துக் காட்டும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நீர்த்தேக்கத் தொட்டியின் உள்வரத்தை மூடிவிட்டு, வெளியேறும் நீரை மட்டும் ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதே நேரத்தில் வெளியேற்றக் குழாயின் மீட்டர் காட்டியதோடு ஒப்பிடுங்கள். உள்விட்டம் 10 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கினால் 31.4 கன மீட்டர் வெளியேறியிருக்கிறது. மீட்டர் 29 என்று காட்டினால் சிக்கல் எங்கே என்பது தெரிந்துவிடும். தொட்டியின் விட்டத்தை வரைபடத்திலிருந்து எடுக்காமல் நேரில் அளப்பது நல்லது. மட்டம் குறைந்தது 30 சென்டிமீட்டராவது இறங்கும்வரை காத்திருங்கள். தொட்டி வசதி இல்லாத இடத்தில், குழாயின் மேல் கட்டி அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம். இந்த வேலை முழுவதிலும் கருவிக்கென்று செலவு செய்யத் தகுந்த இடம் இது ஒன்றுதான்.

மீட்டரே இல்லாமல், பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள திறனை ஓடிய மணிநேரத்தால் பெருக்கி எழுதிய பதிவேடுகளும் உங்களிடம் வரும். தேய்ந்த பம்பு, பலகையில் எழுதியிருப்பதைவிடக் குறைவாகவே இறைக்கும். அந்த எண்ணைத் தொட்டிச் சோதனையால் திருத்தாமல் பயன்படுத்தாதீர்கள்.

4. வீட்டு மீட்டர் பதிவுகளைத் துப்புரவாக்குங்கள்

பொறுமை மிக அதிகமாகத் தேவைப்படும் படி இது. ஒரு வீட்டின் மீட்டர் மார்ச் 12 அன்று 412, மே 14 அன்று 460 என்று காட்டுகிறது. பயன்பாடு 48 கன மீட்டர். "இரண்டு மாதம்" என்று 60-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 800 லிட்டர். உண்மையில் கடந்தவை 63 நாட்கள், ஆகவே 762 லிட்டர். தேதியைப் பார்க்காததால் மட்டுமே 5 விழுக்காடு பிழை. ஒவ்வோர் இணைப்புக்கும் படித்த தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களால் வகுத்து, நாட்சராசரியாக மாற்றிய பிறகே கூட்டுங்கள்.

அடுத்து, கீழ்க்கண்ட பதிவுகளைத் தனியே பிரித்தெடுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஒரே எண் காட்டும் மீட்டர் நின்றுபோனதாகவோ வீடு பூட்டியதாகவோ இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. எல்லா மாதமும் துல்லியமாக ஒரே அளவு பயன்பாடு என்றால், அது மீட்டரைப் படிக்காமல் மதிப்பிட்டு எழுதியது. எண் திடீரெனக் குறைந்தால், மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது எண்சக்கரம் முழுச் சுற்று முடித்துப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியிருக்கலாம்: ஐந்திலக்க மீட்டரில் 99,982-க்குப் பின் 00,019 வந்தால் பயன்பாடு 37 கன மீட்டர். பயன்பாடு பத்து மடங்கோ நூறு மடங்கோ எகிறினால், கன மீட்டரைக் காட்டும் கருப்பு இலக்கங்களோடு அதன் பின்னங்களைக் காட்டும் சிவப்பு இலக்கங்களையும் சேர்த்துப் படித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இவற்றை அழித்துவிடாதீர்கள். நின்றுபோன மீட்டர்களையெல்லாம் பூஜ்ஜியமாக வைத்துக் கூட்டினால் தலா அளவு குறையும். அந்த வீடுகளின் நீரை மட்டும் நீக்கிவிட்டு ஆட்களை நீக்காமல் விட்டாலும் அதேதான் நடக்கும். நல்ல பதிவுள்ள, அதே வகையைச் சேர்ந்த வீடுகளின் சராசரியை அவற்றுக்கு இட்டு, எத்தனை இணைப்புகளுக்கு அப்படிச் செய்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.

மீட்டரின் உள்ளார்ந்த பிழையும் உண்டு. நீர் மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 4064-இன்படி இரண்டாம் வகுப்புக் குளிர்நீர் மீட்டருக்கு, இயல்பான ஓட்டத்தில் 2 விழுக்காடும் மிகக் குறைந்த ஓட்டத்தில் 5 விழுக்காடும் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அது புதிய மீட்டருக்கான வரம்பு. தேய்ந்த இயந்திர மீட்டர்கள் குறைத்தே காட்டும். அதிலும் வீட்டுத் தொட்டியில் மிதவை வால்வு இருந்தால், தொட்டி நிரம்பும் தறுவாயில் நூல்போல ஒழுகும் நீரை அவை பதிவே செய்யாது. இதற்கு நேர்மாறாக, விட்டுவிட்டு நீர் வரும் இடங்களில், குழாயில் அடைந்திருக்கும் காற்று முதலில் வெளியேறும்போது மீட்டரைச் சுழற்றிவிடும். வராத நீர் வந்ததாகப் பதிவாகும். முப்பது நாற்பது மீட்டர்களை எடுத்து, அளவுக்கலத்தில் நீர் பிடித்துச் சோதித்து, உங்கள் ஊருக்கான திருத்த விகிதத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். வேறோர் ஊரின் விகிதத்தை எடுத்துப் போடுவது ஊகமே தவிர அளவீடு அல்ல.

5. ஆட்களை எண்ணுங்கள்

எல்லோருடைய கவனமும் நீரை அளப்பதில் போய்விடுகிறது. வகுக்கும் எண்ணை யாரோ ஒருவர் பழைய கோப்பிலிருந்து எடுத்துத் தருகிறார். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய மக்கள்தொகையை அப்படியே எடுத்து, ஊர் ஆண்டுக்கு 1.5 விழுக்காடு வளர்ந்திருந்தால், தலா அளவு 12 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகத் தெரியும். எந்தப் பெரிய மீட்டரைச் சோதித்தும் இந்தப் பிழையைச் சரிசெய்ய முடியாது.

இணைப்பு என்பது குடும்பம் அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஓர் இணைப்பில் மூன்று குடும்பங்கள் குடியிருக்கும். ஒரே வீட்டில் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஆகவே இணைப்பு ஒன்றுக்கு எத்தனை பேர் என்பதை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் நேரடியாகக் கண்டறிவதே சிறந்தது.

எத்தனை வீடுகள் போதும்? வீட்டுக்கு வீடு காணப்படும் வேறுபாடு, அதாவது திட்டவிலக்கம், சராசரியில் 60 விழுக்காடு என்று கொண்டால், 95 விழுக்காடு நம்பகத்துடன் 10 விழுக்காட்டுப் பிழைக்குள் சராசரியை அறிய 1.96 × 0.6 ÷ 0.1 என்பதன் வர்க்கம், அதாவது ஏறத்தாழ 139 வீடுகள் வேண்டும். பூட்டிய வீடுகளுக்கும் மறுப்பவர்களுக்கும் இடம்விட்டு 170 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். பகுதிவாரியாகத் தனித்தனி விடை வேண்டுமானால், ஒவ்வொரு பகுதிக்கும் இதே எண்ணிக்கை தேவைப்படும். 139-ஐப் பகுதிகளுக்குப் பங்கிட்டால் எந்தப் பகுதியின் விடையும் நிற்காது.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள். வெளியூரில் படிக்கும் பிள்ளையைச் சேர்த்தும், கைக்குழந்தையை விட்டும் சொல்வார்கள். "கடந்த ஏழு இரவுகளில் இங்கே தங்கியவர்கள் யார் யார்?" என்று கேட்டு, ஆள்-நாட்களாக (ஒருவர் ஓர் இரவு தங்கினால் ஓர் ஆள்-நாள்) எழுதுங்கள். இந்தக் கேள்விக்கும் வரிக்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கட்டணம் கூடும் என்ற அச்சத்தில் எண்ணிக்கையைக் குறைத்தோ கூட்டியோ சொல்வார்கள். கூடவே, கிணறு, ஆழ்துளைக் கிணறு, லாரி நீர் ஏதேனும் பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். அப்படிப் பயன்படுத்தும் வீட்டின் குறைந்த மீட்டர் அளவு சிக்கனத்தைக் காட்டவில்லை. பொதுக் குழாயிலிருந்து அவர்கள் எடுத்ததை மட்டுமே காட்டுகிறது.

6. மீட்டர் இல்லாத இடங்களையும் விட்டுவிடாதீர்கள்

பொதுக் குழாய்களில் ஒரு முழு நாள் ஆள் நிறுத்துங்கள். யார் எத்தனை குடம், எத்தனை வாளி எடுத்தார்கள் என்று எண்ணி, குடத்தின் கொள்ளளவைக் கடையில் சொன்னபடி அல்லாமல் அளந்து பெருக்குங்கள். வீணாக வழிந்தோடும் நேரத்தையும், ஒரு வாளி நிரம்ப ஆகும் வினாடிகளையும் தனியே குறியுங்கள். வேலைநாளில் ஒருமுறையும் விடுமுறை நாளில் ஒருமுறையும் செய்தால் போதும். மீட்டரில்லாத வீட்டு இணைப்புகளுக்கு, மாதிரியாகச் சிலவற்றில் தற்காலிக மீட்டர் பொருத்தி ஒரு மாதமாவது விட்டுவையுங்கள். முதல் வாரத்தில் வீட்டார் கவனமாகப் பயன்படுத்துவார்கள் என்பதால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

7. வரவையும் செலவையும் நேர்செய்யுங்கள்

உள்ளே சென்ற நீருக்கும் பயன்பட்டதாகக் கண்ட நீருக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். பன்னாட்டு நீர்ச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நீர்ச்சமன் அட்டவணை இதற்குத் துணைசெய்யும்: உள்ளீடு ஒரு பக்கம், மறுபக்கம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடும் இழப்பும். இழப்பில் இரண்டு வகை. குழாயிலும் தொட்டியிலும் கசிந்து மண்ணுக்குப் போவது ஒன்று. மீட்டர் குறைத்துக் காட்டியதும், திருட்டு இணைப்பில் சென்றதும் மற்றொன்று. இரண்டாம் வகை நீர் வீணாகவில்லை. யாரோ அதைப் பயன்படுத்துகிறார்கள். தலா பயன்பாட்டில் அது சேர வேண்டும். கசிவு சேரக் கூடாது.

நாள் முழுவதும் நீர் வரும் வலையமைப்பாக இருந்தால், அதிகாலை 2 மணி முதல் 4 மணி வரை ஓடும் நீரை அளந்து, அந்நேரத்து உண்மையான பயன்பாட்டைக் கழித்துக் கசிவை மதிப்பிடலாம். இரவில் குழாய் அழுத்தம் கூடுதலாக இருக்கும். கசிவும் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே 24-ஆல் பெருக்கினால் கசிவு மிகையாகிவிடும். விட்டுவிட்டு நீர் வரும் இடத்துக்கு இந்த முறை பொருந்தாது.

8. வகுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது

ஒரு வீட்டில் 2 பேர், 400 லிட்டர், தலா 200. இன்னொரு வீட்டில் 8 பேர், 640 லிட்டர், தலா 80. இரண்டு தலா அளவுகளின் சராசரி 140. ஆனால் 1,040 லிட்டரைப் பயன்படுத்தியவர்கள் 10 பேர். சரியான விடை 104. வீடுகளின் தலா அளவுகளைச் சராசரி எடுக்காதீர்கள். மொத்த லிட்டரை மொத்த ஆள்-நாட்களால் வகுங்கள். சிறிய குடும்பங்களில் தலா பயன்பாடு பொதுவாகவே அதிகம் என்பதால் இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில், மிகையாகவே விழும்.

பிழை எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் கற்பனை ஊரில் வீட்டு நீரின் பிழை 5 விழுக்காடு, ஆட்கள் எண்ணிக்கையின் பிழை 6 விழுக்காடு என்றால், 25-ஐயும் 36-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க 7.8 விழுக்காடு வரும். 80 லிட்டர் என்பது 74-க்கும் 86-க்கும் இடைப்பட்டது. அடுத்த ஆண்டு 83 வந்தால் பயன்பாடு கூடிவிட்டது என்று யாரும் முடிவுகட்டாமல் இருக்க இந்த வரி உதவும். 80.37 என்று தசமத்தில் எழுதுவதற்கு இங்கே இடமில்லை.

9. காலமும் செலவும்

பதினொரு வாரங்கள் எனக்கு இப்படிப் பிரிந்தன: வரையறையும் கடிதமும் ஒரு வாரம், ஆவணங்களுக்காகக் காத்திருந்தபடி பெரிய மீட்டர் சோதனை நான்கு வாரங்கள், பதிவுகளைத் துப்புரவாக்க இரண்டு, வீடு வீடாகக் கணக்கெடுப்பும் வீட்டு மீட்டர் சோதனையும் மூன்று, கணக்கும் எழுத்தும் ஒன்று. ஒருவர் நாளொன்றுக்கு 15 வீடுகளுக்குச் செல்ல முடிந்தால் 170 வீடுகளுக்கு 12 ஆள்-நாட்கள். பூட்டியிருந்த வீடுகளுக்கு மீண்டும் செல்ல இன்னும் நான்கு. செலவில் பெரும்பகுதி இந்தக் களப்பணியாளர் ஊதியமும் பயணமும்தான். பணம் குறைவாக இருந்தால் கருவி வாடகையைக் குறையுங்கள், தொட்டிச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். நீண்ட விடுமுறைக் காலங்களில் கணக்கெடுப்பு வைக்க வேண்டாம்; ஊரே இடம்மாறியிருக்கும்.

10. விடையை எப்படி எழுதித் தருவது

எண்ணை மட்டும் எழுதித் தந்தால் அது அறிக்கையிலிருந்து பிரிந்து, வரையறை இல்லாமல் கூட்டங்களில் உலவத் தொடங்கும். ஆகவே வரையறையும் காலமும் பிழை எல்லையும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கட்டும். நம் கற்பனை ஊருக்கு அந்த வாக்கியம் இப்படி அமையும்: "கணக்கெடுத்த 12 மாதங்களில், பொதுக் குழாய் வலையமைப்பின் வழியே வீடுகள் பயன்படுத்திய நீர், மீட்டர் பிழை திருத்தப்பட்டு, கசிவும் வணிகப் பயன்பாடும் நீக்கப்பட்டு, இணைப்புள்ள 70,000 பேருக்குத் தலா நாளொன்றுக்கு 80 லிட்டர், பிழை எல்லை கூடவோ குறையவோ 6 லிட்டர், தனியார் கிணற்று நீர் இதில் சேரவில்லை." இதன் பின்னிணைப்பாகத் தொட்டிச் சோதனைத் தாள், திருத்திய பதிவுகளின் பட்டியல், கணக்கெடுப்புப் படிவம் மூன்றையும் கோத்துவையுங்கள். அடுத்த ஆண்டு இந்த வேலையைச் செய்ய வருபவர் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.